மகள் விடுதிக்குப் போகிறாள்: எதைக் கொடுத்தனுப்புவது, எதைச் சொல்லிக்கொடுப்பது?

தேனிப்பக்கம்

வணக்கம். மகளுக்குச் சென்னையில் பொறியியல் இடம் கிடைத்துவிட்டது. விடுதியில்தான் தங்கப் போகிறாள், ஓர் அறைக்கு 3 பேர். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிதான். வீட்டை விட்டு வெளியே தங்கிப் பழக்கமில்லை. கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டில் எட்டாவது படிக்கும் தம்பியும் அப்பத்தாவும் இருக்கிறார்கள். சாமான், சாப்பாடு, பணம், சான்றிதழ், ஃபோன் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் யோசனை வேண்டும். ஏன் அப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவளுக்கும் படித்துக் காட்டுவேன்.

பழைய காப்பாளர்

வாழ்த்துகள் அம்மா. ஐந்து வாரம் கையில் இருப்பது நல்லது. சாமான் வாங்க இரண்டு நாள் போதும், மீதியைப் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். பொருள் இல்லையென்றால் தெருமுனைக் கடையில் வாங்கலாம், பக்கத்துக் கட்டிலில் கேட்கலாம். முதல் மாதம் பிள்ளைகளைத் திண்டாட வைப்பவை வேறு. துணி துவைக்கத் தெரியாது. யாரும் எழுப்பாமல் எழத் தெரியாது. உடம்பு முடியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாது.

முதல் வாரம்: காலையில் நீங்கள் எழுப்பவே கூடாது. அலாரம் வைத்து அவளே எழட்டும். பேருந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, இப்போது தவறவிடுவதில் நட்டமில்லை.

இரண்டாம் வாரம்: அவள் துணி அவள் பொறுப்பு, இயந்திரம் வேண்டாம். அரை வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடித் தூளை முதலில் கரைத்துவிட்டு, பிறகு ஐந்தாறு துணியை நனைக்க வேண்டும். துணி மேல் தூளைக் கொட்டினால் திட்டுத் திட்டாக வெளுக்கும். அரை மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க ஊறவிட்டால் அழுக்கு திரும்பத் துணியிலேயே படியும், நாற்றமும் வரும். சாயம் போகும் புதுச் சுடிதாரை முதல் மூன்று முறை தனியாக நனைக்க வேண்டும். கழுத்துப்பட்டி, கைமுனை, கால்முனை மூன்றுக்கும் தூரிகை. மூன்று தண்ணீர் அலசல். சென்னையில் பல விடுதிகளில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். நுரை வராது. நுரை வரவில்லையே என்று தூளைக் கூட்டிப் போடுவார்கள். அது அலசப் போகாமல் துணியில் வெள்ளையாகத் தங்கி உடம்பில் அரிப்பைக் கொடுக்கும். தூளைக் கூட்டாமல் கடைசியாக இன்னொரு அலசல் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம்: தனியாக வங்கிக்குப் போய்ப் பணம் கட்டட்டும், அஞ்சலகத்தில் விரைவு அஞ்சல் அனுப்பட்டும், அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி அப்பத்தாவுக்கு மாத்திரை வாங்கி வரட்டும். நீங்கள் வாசலில்கூட நிற்க வேண்டாம்.

நான்காம் வாரம்: ஒரு நாள் முழுக்க அவளே சமைத்து, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடை துடைத்து முடிக்கட்டும். விடுதியில் சமையல் கிடையாதுதான். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று தெரிந்த பிள்ளை அறையைக் குப்பையாக வைக்காது. அறையில் வரும் சண்டையில் பாதி குப்பையாலும் விளக்கு அணைக்கும் நேரத்தாலும்தான் வருகிறது.

ஐந்தாம் வாரத்தில் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவள் தோழிகளோடு இருக்கட்டும்.

அம்மிக்கல்

சாப்பாட்டு விஷயத்தை நான் சொல்றேன் தங்கச்சி. விடுதிக்குப் போற பிள்ளைக்குப் பொடிதான் துணை. குழம்பு பிடிக்கலேன்னா சூடான சோத்துல ரெண்டு கரண்டி பருப்புப்பொடி போட்டு நல்லெண்ணெய் ஊத்திப் பிசைஞ்சா ஒரு வேளை ஓடிரும்.

பருப்புப்பொடிக்குத் துவரம்பருப்பு 1 கப், பொட்டுக்கடலை கால் கப், வரமிளகாய் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கல்லுப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். எல்லாத்தையும் தனித்தனியா வறுக்கணும். ஒண்ணா போட்டா மிளகாய் கருகுற நேரத்துல பருப்பு உள்ளே பச்சையாவே இருக்கும். துவரம்பருப்பு குறைஞ்ச தீயில பத்து நிமிஷம் பிடிக்கும். ஒரு பருப்பை வாயில போட்டுக் கடிச்சா 'கடக்'குன்னு உடையணும். பொட்டுக்கடலை சும்மா சூடேறினாப் போதும். உப்பையும் வெறும் சட்டியில ஒரு நிமிஷம் புரட்டணும், உப்புலதான் ஈரம் ஒளிஞ்சு கிடக்கும்.

வறுத்ததும் அகலத் தட்டுல பரப்பி முழுசா ஆறவிடுங்க. ஆறுறதுக்கு முன்னாடி அரைச்சா மிக்சிச் சூடும் சேர்ந்து பொடி வேர்க்கும், கட்டி தட்டும். அரைச்ச பிறகும் ஒரு மணி நேரம் தட்டுல கிடந்துட்டுத்தான் பாட்டிலுக்குப் போகணும். வெதுவெதுப்பா மூடினா மூடிக்கு உள்பக்கம் நீர் பூத்து அது சொட்டுற இடத்துல பூசணம் பிடிக்கும். நல்லா செஞ்சது ரெண்டு மாசம் தாங்கும். பூண்டு போட்டா வாசனை தூக்கும், ஆனா அதுல ஈரம் இருக்கு. பூண்டு போட்டதை மூணு வாரத்துல தீர்த்துரணும்.

இட்லிப்பொடிக்கு உளுந்து 1 கப், கடலைப்பருப்பு அரைக் கப், மிளகாய் 15, எள் 2 மேசைக்கரண்டி. எள்ளோட எண்ணெய் நாளாக நாளாகக் காறும். அதனால எள்ளு போட்டது ஒரு மாசத்துக்கு மட்டும். கொப்பரைத் தேங்காய்ப் பொடி ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாம். கறிவேப்பிலைப் பொடின்னா இலையைக் கழுவி ஒரு நாள் முழுக்க நிழல்ல காயவிட்டு, கையில எடுத்து நொறுக்கினா நொறுங்குற மாதிரி வறுக்கணும். கொஞ்சம் துவண்டாலும் மொத்தப் பாட்டிலும் போச்சு.

மூன்றாமாண்டு

அம்மிக்கல் அம்மா சொன்னது சரி, ஆனா அளவைக் குறைங்க. ஒரு கிலோ பாட்டில்ல போட்டுக் கொடுத்தா அது ஒரு மாசத்துல கெட்டுரும். காரணம் பொடி இல்ல, கரண்டி. மெஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போவாங்க, யாராவது ஈரக் கரண்டியை விடுவாங்க, முடிஞ்சுது. 200 கிராம் பாட்டில் மூணு கொடுங்க. ஒண்ணு திறந்திருக்கும், மத்தது மூடியே இருக்கும். ஒவ்வொரு பாட்டில் மேலயும் என்னைக்கு அரைச்சதுன்னு தேதி ஒட்டிருங்க.

எறும்பும் எலியும் கட்டாயம் வரும். பிஸ்கட் பாக்கெட், முறுக்குக் கவர் எதையும் அப்படியே அலமாரியில வைக்கக் கூடாது. எலி பிளாஸ்டிக் டப்பாவைக்கூடக் கடிச்சுரும், இறுக்கமா மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒண்ணு போதும். முறுக்கு, தட்டை, சீடை எல்லாம் முதல் நாளே அறையில இருக்குற எல்லாருக்கும் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்க. பெயர் கேக்குறதுக்கு முன்னாடியே பேச்சு ஆரம்பிச்சுரும். அதனால திங்கிற சாமான் மட்டும் மூணு பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுங்க.

அம்மிக்கல்

தம்பி சொன்ன 200 கிராம் கணக்கு நல்லா இருக்கு, அப்படியே செய்யுங்க. புளிக்காய்ச்சலையும் சொல்லிருறேன். புளி 100 கிராமை ரெண்டு கப் வெந்நீர்ல ஊறவெச்சுக் கெட்டியாக் கரைச்சு வடிகட்டுங்க. நல்லெண்ணெய் 150 மில்லி. கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கரைசலை ஊத்தி, சின்னத் தீயில எண்ணெய் விளிம்புல பிரிஞ்சு நிக்கிற வரைக்கும் கிண்டணும். எண்ணெய் பிரியலேன்னா தண்ணி இன்னும் உள்ளே இருக்குன்னு அர்த்தம். பத்து நாள்ல நுரைச்சுரும். வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மல்லி ரெண்டு மேசைக்கரண்டி வறுத்துப் பொடிச்சு இறக்குறப்ப போடுங்க. கடைசியில நெல்லிக்காய் அளவு வெல்லம். வேர்க்கடலையை உள்ளே போடாதீங்க, ஊறிச் சொதசொதன்னு போயிரும், தனிப் பொட்டலமா கொடுங்க. கண்ணாடிப் பாட்டில்ல நிரப்பி, மேல எண்ணெய் மூடி நிக்கணும். ஒரு மாசம் வெளியிலேயே இருக்கும். எவர்சில்வர் டப்பா மட்டும் வேண்டாம், புளியும் உப்பும் ரொம்ப நாள் கிடந்தா பாத்திரத்தை அரிக்கும்.

பயணத்துல கசியாம இருக்க, பாட்டில் வாயில பிளாஸ்டிக் தாளை விரிச்சு அதுமேல மூடியைத் திருகுங்க. பிறகு பாட்டிலைப் பழைய துண்டுல சுத்தி வாளிக்குள்ள நிமிர்த்தி வைங்க. துணிப்பைக்குள்ள எண்ணெய்ப் பாட்டில் போகவே கூடாது.

வங்கி மேசை

பணத்தைப் பற்றி மூன்று செய்திகள். மூன்றையும் தேனியில் இருக்கும்போதே முடிக்க வேண்டும். சென்னைக்குப் போன பிறகு கணக்கு உள்ள கிளைக்கு ஓடிவர வேண்டியிருக்கும்.

ஒன்று, கணக்கு. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு என்றால் அது இளவர் கணக்கு. 18 வயது நிறைந்ததும் புதுக் கையெழுத்து, புதுப் புகைப்படம், ஆதார், பான் கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு நாள் அட்டை திடீரென்று வேலை செய்யாது. பிறந்த நாள் முதல் பருவத்துக்கு நடுவில் வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் என்னென்ன தாள் வேண்டும் என்று கிளையில் இப்போதே கேட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறந்த நாளை ஒட்டி வரும் விடுமுறையில் வேலையை முடிக்கலாம்.

இரண்டு, கைபேசி எண். பெரும்பாலான பிள்ளைகளின் கணக்கில் அப்பாவின் எண்தான் இருக்கும். அங்கே பிள்ளை பணம் எடுக்க முயன்றால் இங்கே அப்பாவுக்கு ஓடிபி வரும். அவர் தோட்டத்தில் இருப்பார், எடுக்க மாட்டார். யூபிஐ தொடங்கக் கணக்கில் பதிந்த எண்ணின் சிம் அதே கைபேசியில் இருந்தாக வேண்டும். ஆகவே மகள் பெயரில் எண் வாங்கி அதையே கணக்கிலும் ஆதாரிலும் பதியுங்கள். புதுக் கைபேசியில் யூபிஐ தொடங்கிய முதல் 24 மணி நேரம் பெரும்பாலும் 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். கட்டணம் கட்டும் நாளன்று காலையில் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்று, உதவித்தொகை. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது, கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். இந்தப் பணம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணைப் பார்த்து வராது, ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். கல்லூரி வளாக வங்கியில் புதுக் கணக்கு திறக்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டால் இணைப்பு அங்கே மாறிவிடும். பிறகு பழைய கணக்கைப் பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று புலம்புவார்கள். 15 வயதில் செய்ய வேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பித்தலையும் முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். குழந்தையில் எடுத்த ரேகை இப்போது பொருந்தாது.

செலவுப் பணத்தை மாதம் ஒரு முறை மொத்தமாகப் போடாமல் வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட கிழமையில் போடுங்கள். மாத முதல் பத்து நாளில் தீர்ந்துபோவதும், மீதி இருபது நாள் தோழிகளிடம் கடன் வாங்குவதும்தான் நட்பை முதலில் கெடுக்கிறது. யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கல்லூரி அலுவலகம்

சேர்க்கைப் பிரிவில் வேலை. தாள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாற்றுச் சான்றிதழின் அசல் கல்லூரியிலேயே தங்கும், அது வழக்கம். 10, 12 மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டது. எங்காவது கேட்டு வைத்துக்கொண்டால் என்னென்ன தாள் என்று பெயர் எழுதி, முத்திரை போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

எல்லாவற்றிலும் 5 நகல், 10 பாஸ்போர்ட் அளவுப் படம், ஒரு சிறிய பசைக்குச்சி. பசைக்குச்சி இல்லாமல் வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம். மதிப்பெண் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ அதன் மேல் முத்திரை வைக்க முடியாது, பிரிக்கப் போனால் எழுத்தே உரியும். கெட்டி அட்டைக் கோப்பில் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் போதும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒதுக்கீட்டு ஆணையில் அது எழுதியிருக்கும். படித்துப் பார்க்காமல் பதற்றத்தில் கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள்.

பழைய காப்பாளர்

சாமானுக்கு வருகிறேன். விடுதி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டில் அகலம் எவ்வளவு, அலமாரிக்குப் பூட்டு உண்டா, மெத்தை விடுதியிலேயே தருகிறார்களா. கட்டில் சில இடங்களில் இரண்டரை அடி அகலம், சில இடங்களில் 3 அடி. அளந்து தெரிந்துகொள்ளாமல் மெத்தை வாங்கினால் ஓரம் தொங்கும்.

பூட்டு 2, ஒவ்வொன்றுக்கும் 3 சாவி. மூன்றாவது சாவியைத் தேனியில் வைத்துக்கொள்வதில் பயனே இல்லை. ஒன்று கழுத்து நாடாவில், ஒன்று கல்லூரிப் பையில், ஒன்று நம்பிக்கையான அறைத்தோழியிடம். வாளி 16 லிட்டர், மூடியோடு. கோப்பை. 5 மீட்டர் நைலான் கொடிக்கயிறு, இரண்டு டஜன் கிளிப்பு. ஒற்றைக் கட்டில் கொசுவலை, அதைக் கட்ட 4 துண்டுக் கயிறு. போர்வை 2, படுக்கை விரிப்பு 3. அன்றாட உடை 8 செட் போதும், ஆனால் உள்ளாடை 12 செட் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மூன்று நாள் வெயிலே இருக்காது, துணி காயாது. ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போனால் படை வரும். பெண் பிள்ளைகள் இதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். முன்கூட்டியே நீங்கள்தான் பேச வேண்டும்.

மின்கெட்டில், தண்ணீர்ச் சூடேற்றும் கம்பி, இண்டக்‌ஷன் அடுப்பு எதுவும் வேண்டாம். பல விடுதிகளில் தடை, பிடித்தால் பறித்து வைப்பார்கள். தடைக்குக் காரணம் இருக்கிறது. 1,500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சிறிய மின்புள்ளி 6 ஆம்பியர் வரைதான். அதில் நீட்சிக் கம்பி போட்டு மூன்று அறைத்தோழிகளும் மடிக்கணினி, கைபேசி மாட்டியிருக்கும்போது கெட்டிலும் ஓடினால் சொருகி உருகும்.

மருந்தாளுநர்

மருந்துப் பெட்டி சின்னதாக இருந்தால்தான் பயன்படுத்துவார்கள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஓர் அட்டை. ஒரு முறை போட்டால் அடுத்ததற்குக் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி. ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் 4, ஒரு முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். அரைக் கோப்பையில் கெட்டியாகக் கரைத்துக் குடித்தால் வயிற்றுப்போக்கு கூடும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெப்பமானி, காயத்துக்கு மருந்து, பஞ்சு, ஒட்டுப்பட்டை, இரண்டு மாதத்துக்கான நாப்கின்.

முக்கியமாக ஒன்று. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். பாராசிட்டமால் தவிர, ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையைத் தோழி கொடுத்தாலும் போடக் கூடாது. இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். இரண்டு நாள் காய்ச்சல் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம் வந்தால் அன்றே மருத்துவமனை. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று படுத்துக் கிடப்பார்கள், ஆபத்து அப்போதுதான்.

இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண், விடுதிக் காப்பாளர் எண் நான்கையும் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கைபேசி பூட்டியிருந்தால் அதில் உள்ளது யாருக்கும் உதவாது.

தேனிப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டேன். ஃபோன் பேசுவதைப் பற்றியும் சொல்லுங்கள். தினமும் பேசலாமா? அழுதால் கூட்டி வந்துவிடலாமா? பகடிவதைப் (ராகிங்) பயமும் இருக்கிறது.

நாலுபேர் வீடு

தினமும் பேசுங்கள். வாரம் ஒரு முறை பேசினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், பிள்ளை தானாக வளரும் என்பார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அம்மா குரல் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

பழைய காப்பாளர்

பேச வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்பதில் கவனம் வேண்டும். விடுதியில் இரவு 8லிருந்து 10 வரைதான் நட்பு உருவாகும் நேரம். ஒன்றாகச் சாப்பிடுவார்கள், மாடியில் உட்காருவார்கள். அந்த நேரம் முழுக்க ஒரு பிள்ளை நடைவழியில் வீட்டோடு பேசிக்கொண்டு நின்றால் மற்ற இருவரும் சேர்ந்துவிடுவார்கள், இவள் வெளியே நிற்பாள். பத்து நாளில் அது பழகிப்போய்விடும். ஆகவே மாலை 6 மணிவாக்கில், வகுப்பு முடிந்து வந்ததும், பத்து நிமிடம். தினமும் அதே நேரம்.

கேள்வியும் முக்கியம். "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "பக்கத்துக் கட்டில் பிள்ளை எந்த ஊரு, இன்னைக்கு யாரோட சேர்ந்து சாப்பிட்டே, வரைபட வகுப்புல என்ன போடச் சொன்னாங்க" என்று கேளுங்கள். அதே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நட்பு பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

அழுகை வரும். முதல் மூன்று வாரம், குறிப்பாக ஞாயிறு மாலையில். அழுத உடனே வண்டி ஏறிப் போகாதீர்கள். அடுத்த வாரமும் அழுதால்தான் அம்மா வருவாள் என்று மனசு கற்றுக்கொள்ளும். முதல் முறை ஊருக்கு வர ஒரு தேதியை இப்போதே குறித்துவிடுங்கள், நான்கு அல்லது ஐந்து வாரம் கழித்து. தேதி தெரிந்தால் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் அழுகையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்கே போகவில்லை, தோழி பெயர் ஒன்றுகூட வரவில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் அது வேறு. அப்போது தாமதிக்காமல் நேரில் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் கேட்கலாம்.

பகடிவதைக்குத் தமிழ்நாட்டில் 1997இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். தேசிய உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும். பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். இந்த எண்ணைக் கைபேசியில் அல்ல, மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் கேட்பது, ஊர் கேட்பது வேறு. கதவைத் தாழிட்டுவிட்டு, ராத்திரியில் எழுப்பி, செய்ய விருப்பமில்லாததைச் செய்யச் சொன்னால் அது பகடிவதை.

நாலுபேர் வீடு

மாலை 6 மணி என்பது சரியாகப் படுகிறது. இரவு 9 மணிக்குப் பேசும் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறோம்.

மூன்றாமாண்டு

உங்க மகளோட பள்ளித் தோழிகளைப் பத்தி யாரும் சொல்லல. ஒருத்தி கோவை, ஒருத்தி மதுரை, ஒருத்தி ஊர்லயே நர்சிங்னு பிரிவாங்க. குழு ஒண்ணு தொடங்குவாங்க, ஒரு மாசம் ராத்திரி பகலா ஓடும், அப்புறம் காலை வணக்கம் படம் மட்டும் வரும். ஊர்லயே இருக்குற பிள்ளைதான் அதிகமா வாடும், ஏன்னா அது நடக்குற தெரு, ஏறுற பேருந்து எல்லாம் பழசு, கூட வர்ற ஆள் மட்டும் இல்ல. அந்தப் பிள்ளையை நீங்க விட்டுறாதீங்க. உங்க வீட்டுக்கு எப்பவும்போல வரச் சொல்லுங்க.

குழுவுல பொதுவா எழுதுறதைவிட ஒருத்தருக்கு ஒருத்தர் வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் குரல்பதிவு அனுப்பினா நட்பு நிக்கும். பொங்கலுக்கு எல்லாரும் ஊர்ல சந்திக்கிற நாள், இடம் ரெண்டையும் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணச் சொல்லுங்க. "எப்பவாவது பாக்கலாம்"னு விட்டா பாக்கவே மாட்டாங்க.

அம்மிக்கல்

தம்பியையும் அப்பத்தாவையும் பத்தி ஒரு வார்த்தை. முதல் வாரம் கை பழக்கத்துல ஒரு ஆளுக்கு அதிகமாவே வடிக்கும். மீந்த சோத்தைப் பாத்துப் பாத்து மனசு கஷ்டப்படும். அரிசி அளக்குற உழக்கையே மாத்துங்க. அஞ்சு பேருக்குச் சாம்பாருக்கு 125 கிராம் பருப்புன்னா இனி 100. தோசைமாவு வழக்கமா நாலு நாளைக்கு ஆட்டுறதை மூணு நாள் அளவா ஆட்டுங்க, இல்லேன்னா புளிச்சுப் போகும்.

அவ மேசையையும் கட்டிலையும் உடனே தம்பிக்குக் கொடுக்காதீங்க. முதல் தடவை ஊருக்கு வர்றப்ப அவ இடம் அப்படியே இருக்கணும். பொங்கலுக்கு அப்புறம் அவகிட்டயே கேட்டுட்டு மாத்துங்க. தம்பி வெளியில காட்ட மாட்டான். அக்கா பாத்துட்டிருந்த வேலையில ஒண்ணை, மாடிச் செடிக்குத் தண்ணி ஊத்துறதோ அப்பத்தா கண்ணுக்கு மருந்து விடுறதோ, அவன் கையில கொடுங்க. அப்பத்தாவுக்கு ஃபோன்ல குரல் சரியாக் கேக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் படத்தோட பேசவிடுங்க, முகத்தைப் பாத்தாத்தான் அவங்களுக்குப் பேசின மாதிரி.

ரயில் நேரம்

பயணம் பற்றி. 2023 ஜூனிலிருந்து போடி - சென்னை சென்ட்ரல் ரயில் தேனி வழியாக ஓடுகிறது. எந்தெந்தக் கிழமை என்று பார்த்துக்கொண்டு விடுதி சேரும் தேதியோடு பொருத்துங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் தொடங்கும், 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளிக்கு ஊர் திரும்பும் சீட்டு 8:05க்குள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். போக மட்டும் எடுத்துவிட்டு, திரும்ப எடுக்க மறப்பார்கள். திரும்பும் நாளுக்கான 60 நாளைத் தனியாக எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

விடுமுறைக்கு ஊர் வர மாணவர் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதியிலும் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 75 சதவீதம். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவத்தோடு நிலையச் சாளரத்தில்தான் வாங்க முடியும், இணையத்தில் கிடைக்காது.

பேருந்தில் போனால் தென்மாவட்டப் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம்தான் முனையம், கோயம்பேடு அல்ல. விடியற்காலை 4 மணிக்கு இறக்கிவிட்டால் வெளிச்சம் வரும்வரை முனையத்துக்குள்ளேயே இருங்கள், பிறகு மாநகரப் பேருந்து பிடியுங்கள்.

தேனிப்பக்கம்

மெத்தையை இங்கிருந்து தூக்கிப் போவதா, சென்னையில் வாங்குவதா? இலவம்பஞ்சு மெத்தை இங்கே நன்றாகக் கிடைக்கும்.

பழைய காப்பாளர்

இலவம்பஞ்சு என்றால் அங்கிருந்தே எடுத்துப் போங்கள், போடிப் பக்கத்துப் பஞ்சு நல்லது. கட்டில் அளவு தெரிந்த பிறகு தைக்கக் கொடுங்கள், நீளம் 6 அடி. கனம் 3 அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் சுருட்ட வராது. உறையைப் பிரித்துத் துவைக்கிற மாதிரி ஒரு பக்கம் நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சுருட்டி இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, பெயரையும் விடுதி அறை எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை மாடியில் வெயிலில் போட வேண்டும். போடாவிட்டால் பஞ்சு அமுங்கிக் கட்டியாகும், மழைக்காலத்தில் ஈரம் ஏறி மூட்டைப்பூச்சிக்கும் வழி விடும். வெயிலில் போட்டதும் இரண்டு பக்கமும் கையால் தட்டித் திருப்பிப் போடச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.